கொழும்பிலிருந்தபடியே உலக மொழிகளின் அமைப்பைப் படிக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உலக மொழிகளில் சொற்களும் தொடர்களும் எப்படி அமைகின்றன என்று ஒப்பிட்டுப் படிக்கும் துறைக்கு மொழி வகைப்பாட்டியல் என்று பெயர். இதைத் தொடங்கப் பத்து மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை; வெளிநாடு போகவும் வேண்டியதில்லை. கொழும்பில் ஒரே பஸ் பயணத்தில் திராவிடக் குடும்பத்துத் தமிழும், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துச் சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழும். கொம்பனித்தெருப் பக்கம் மலாய்க் குடும்பங்களோடு பழக்கம் இருந்தால் ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழி ஒன்றும் சேரும். மூன்று மொழிக் குடும்பங்கள் இப்படிக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது பெரிய வசதி.

சாதாரண தரம் வரை தமிழ் இலக்கணம் படித்த எவரும் கீழே சொல்லும் வேலைகளைச் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்: இலக்கண நூல் வைத்த பெயர்களை ஒப்பிடக் கூடாது; உருபு செய்யும் வேலையை ஒப்பிட வேண்டும். "தமிழில் எட்டு வேற்றுமை, அந்த மொழியில் எத்தனை?" என்று தொடங்கினால் தமிழ் அட்டவணையின் கட்டங்களில் வேறொரு மொழியைத் திணிப்பதில்தான் வேலை முடியும். "போகும் இடத்தை இந்த மொழி எப்படிக் காட்டுகிறது?" என்று கேட்டால் எந்த மொழியும் பதில் தரும்.

முதல் வேலை: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"சிங்களமும் தமிழும் ஒரே அமைப்பா?" என்ற கேள்விக்கு எத்தனை ஆண்டு படித்தாலும் ஒரு பதில் கிடைக்காது. ஒரு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய கேள்விகள் வேறு. போகும் இடத்தைக் காட்ட என்ன வருகிறது? ஒன்று, பல என்பதைச் சொல் காட்டுகிறதா? பசி, பயம், ஞாபகம் போன்றவற்றில் அந்த ஆள் எழுவாயாக வருகிறாரா, "எனக்கு" என்று வருகிறாரா? பிறர் சொல்லக் கேட்டதை, கண்ணால் கண்டதிலிருந்து பிரித்துக் காட்ட "வந்தானாம்" என்பதில் உள்ள "ஆம்" போல ஏதாவது உண்டா? இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

சுட்டுச் சொற்கள் மிக நல்ல தொடக்கம். எழுத்துத் தமிழில் இது, அது இரண்டுதான். யாழ்ப்பாணப் பேச்சில் "உது" இன்றும் உயிரோடு இருப்பதால் மூன்று. பேச்சுச் சிங்களத்தில் நான்கு: பேசுபவருக்கு அருகே "மே", கேட்பவருக்கு அருகே "ஓய", இருவருக்கும் தூரத்தில் கண்ணுக்குத் தெரிவதற்கு "அர", கண்ணுக்குத் தெரியாததற்கோ முன்பே பேசிய ஒன்றுக்கோ "ஏ". இதைச் சோதிக்க ஒரு மேசையும் நான்கு தேநீர்க் கோப்பைகளும் போதும். கோப்பையை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கருவிகள்

கோடு போட்ட கொப்பி ஒன்று, கைத்தொலைபேசி ஒன்று. ஒலிப்பதிவை வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வையுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5.3 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 மெகாபைட் பிடிக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம். அது ஒலியைச் சுருக்குவதால் சொல்லின் கடைசியில் வரும் மெலிந்த ஒலிகள் கெட்டுப்போகும். நமக்கு வேண்டிய உருபுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. போனைப் பேசுபவரின் வாயிலிருந்து 15–20 சென்டிமீட்டர் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்க அறையிலும் கடற்கரை ரயில் பாதைப் பக்க அறையிலும் பதிவு சரிவராது. உள் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருங்கள்.

கணினி இருந்தால் மூன்று இலவச மென்பொருள்கள் போதும்: ஒலியைப் பார்க்க பிராட், ஒலியோடு எழுத்தை நேரப்படி இணைக்க ஈலான், அட்டவணைக்கு லிப்ரே ஆபிஸ்.

தமிழ் எழுத்தில் பிறமொழியைக் குறித்துவைப்பது ஆரம்பத்தில் இலகுவாக இருக்கும். பிறகு காலை வாரும். சிங்களத்தில் மலையைக் குறிக்கும் சொல்லும் மரத்தின் அடித்தண்டைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் இரண்டுமே "கந்த" என்றுதான் வரும். பேச்சில் அவை வேறு: முதலாவதில் மூக்கொலி முழுதாக நிற்கும், இரண்டாவதில் அடுத்து வரும் ஒலியோடு ஒட்டிக் குறுகும். ஆகவே சர்வதேச ஒலியெழுத்தில் உங்கள் மொழிக்குத் தேவையான 40 குறிகளையாவது முதலில் பழகிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வாசிப்பு வசதிக்காக மட்டும் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கிறது.

கேட்டு வாங்குவது

பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

ஒரு மொழிக்குக் குறைந்தது மூன்று பேர், வயது வித்தியாசத்தோடு. எதற்காகப் பதிகிறீர்கள், யார் கேட்பார்கள் என்று சொல்லி, சம்மதத்தையும் அதே பதிவில் முதலில் வாங்குங்கள். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 30 முதல் 40 தொடர்கள் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்ல வையுங்கள். ஒரே மாதிரித் தொடர்களை அடுத்தடுத்துக் கேட்டால் அவர் பாட்டுப் போல முதல் தொடரின் அச்சிலேயே மற்றவற்றையும் சொல்லிவிடுவார். ஆகவே வரிசையைக் குலைத்துக் கேளுங்கள்.

நம் ஊரில் கவனிக்க வேண்டிய பெரிய பிரச்சினை, எழுத்து மொழிக்கும் பேச்சு மொழிக்கும் உள்ள தூரம். தமிழ், சிங்களம் இரண்டிலும் அது பெரிது. பேனையும் தாளும் கையில் இருப்பதைக் கண்டதும் மனிதர்கள் பாடசாலை மொழிக்கு மாறிவிடுவார்கள். எழுத்துச் சிங்களத்தில் "மம யமி, அபி யமு" என்று வினை ஆளுக்கு ஏற்ப மாறும். பேச்சில் நான், நீ, அவன், நாங்கள் யாராக இருந்தாலும் "யனவா" ஒன்றுதான். இரண்டையும் கலந்து எழுதிவைத்தால் சிங்கள வினைக்கு விகுதி உண்டா இல்லையா என்பதற்கே பதில் சொல்ல முடியாமல் போகும். தமிழிலும் இப்படித்தான்: எழுதச் சொன்னால் "இரண்டு புத்தகங்கள்", கடையில் கேட்டால் "ரெண்டு புத்தகம்". ஆகவே தொடரை எழுதிக் காட்டாதீர்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள்: "வீட்டில் அம்மா எங்கே என்று தம்பி கேட்கிறான். அவர் கடைக்குப் போயிருக்கிறார். தம்பிக்கு என்ன சொல்வீர்கள்?"

"இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்பதையும் தவிருங்கள். மரியாதைக்காக "சொல்லலாம்" என்பார்கள். அதைவிட இரண்டு வடிவங்களைக் கொடுத்து, "எதை யார், எப்போது சொல்வார்கள்?" என்று கேளுங்கள். வேறு ஒருவரிடம் பதிவைப் போட்டுக் காட்டி, அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வைப்பதும் நல்ல சோதனை.

ஒரே ஒரு பெயர்ச்சொல்லை வைத்து முடிவு கட்டுவதால் வரும் பிழையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். "நான் வீட்டுக்குப் போறன்" என்பதற்குச் சிங்களத்தில் "மம கெதர யனவா". இதில் "கெதர" என்பதற்குப் பின்னால் எதுவும் இல்லை. இதோடு நிறுத்தியவர் "போகும் இடத்துக்குச் சிங்களத்தில் உருபு இல்லை" என்று எழுதிவிடுவார். கடையைக் கேட்டால் "மம கடேட்ட யனவா" என்று வருகிறது. "ட்ட" என்பது நம் "க்கு" செய்யும் வேலையைச் செய்கிறது. அப்படியானால் வீடுதான் விதிவிலக்கு. ஆங்கிலத்திலும் "ஹோம்" என்ற சொல் "டு" இல்லாமலே வருகிறது. பிறகு ஓர் ஆளைக் கேளுங்கள். தமிழில் "டொக்டரிட்டப் போறன்" என்கிறோம். வெறும் "க்கு" ஒட்டுவதில்லை. சிங்களத்திலும் வெறும் "ட்ட" போதாது. "லங்கட்ட", அதாவது "அருகுக்கு" என்று வரும். இடத்தையும் ஆளையும் இரண்டு மொழியும் வேறாக நடத்துகின்றன. மூன்று பெயர்ச்சொற்களைக் கேட்டதால் மட்டுமே இது தெரியவந்தது. எந்த உருபைச் சோதித்தாலும் ஓர் இடம், ஓர் ஆள், ஒரு பொருள் என்று குறைந்தது மூன்று பெயரில் கேளுங்கள்.

பிரிப்பது

இதில் தமிழ் மாணவர்களுக்கு ஏற்கெனவே பயிற்சி உண்டு. நன்னூல் சொல்லும் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறும் சொல்லைப் பிரிக்கும் முறையே. "நடந்தனன்" என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று பிரித்துப் பழகியவருக்குத் துருக்கிய மொழியின் "எவ்லெரிமிஸ்தே" பயம் தராது: எவ் (வீடு), லெர் (பன்மை), இமிஸ் (எங்கள்), தே (இல்), எங்கள் வீடுகளில். சாரியை என்ற கருத்து குறிப்பாகக் கைகொடுக்கும். பொருள் இல்லாமல் நடுவில் நிற்கும் துண்டு பல மொழிகளில் உண்டு. அதற்கு வலிந்து பொருள் தேட வேண்டியதில்லை என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் தெரியாத மொழியில் பொருளை ஊகித்துப் பிரிக்கக் கூடாது. ஒன்றில் மட்டும் வேறுபடும் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சுவாஹிலியில் பயிற்சி செய்து பாருங்கள்:

நினகுபெண்டா – நான் உன்னை நேசிக்கிறேன்
நிலிகுபெண்டா – நான் உன்னை நேசித்தேன்
அனகுபெண்டா – அவர் உன்னை நேசிக்கிறார்
நினம்பெண்டா – நான் அவரை நேசிக்கிறேன்

முதலிரண்டில் மாறியது காலம் மட்டும். ஆகவே ன நிகழ்காலம், லி இறந்தகாலம். முதலும் மூன்றும்: நி நான், அ அவர். முதலும் நான்கும்: கு உன்னை, ம் அவரை. எஞ்சுவது பெண்டா, வினையடி. தமிழில் ஆளைக் காட்டும் துண்டு கடைசியில் நிற்கிறது. இங்கே தலையில் நிற்கிறது, செயப்படுபொருளும் வினைக்குள்ளேயே புகுந்திருக்கிறது. "அவரை நேசித்தார்" என்பதை இந்த நான்கு வரியிலிருந்தே நீங்கள் கட்டிவிடலாம்.

ஒட்டுநிலை (துண்டுகளை வரிசையாக ஒட்டுவது), தனிநிலை (எதுவும் ஒட்டாமல் தனிச் சொல்லாக நிற்பது), உட்பிணைப்புநிலை (துண்டுகள் பிரிக்க முடியாமல் கலந்து நிற்பது) என்று மொழிகளை மூன்று கூடையில் போடும் பழைய முறையைப் பாடப்புத்தகங்கள் இன்னும் சொல்கின்றன. அதைவிட எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 100 சொல் நீளத் துண்டுகளில் ஒரு சொல்லுக்கு எத்தனை உருபன், அதாவது மேலும் பிரிக்க முடியாத சொல்துண்டு, என்று எண்ணினார். வியட்நாமியத்துக்கு 1.06, ஆங்கிலத்துக்கு 1.68, சமஸ்கிருதத்துக்கு 2.59, எஸ்கிமோ மொழிக்கு 3.72 வந்தது. உங்கள் பதிவிலிருந்து 100 சொல்லை எடுத்து இதையே செய்யுங்கள். எண்ணத் தொடங்கியதும் "எது ஒரு சொல்?" என்ற சிக்கல் வரும். "வந்துட்டான்" ஒரு சொல்லா இரண்டா? ஒரு முடிவெடுத்து, அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

வரிக்கு வரி எழுதுவது

இத்துறையில் எல்லோரும் பின்பற்றுவது லைப்சிக் உரைவரி விதிகள். மொத்தம் பத்து விதிகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அரை நாளில் படித்துவிடலாம். மூன்று வரிகள்: மூலம், துண்டுக்குத் துண்டு பொருள், முழுத் தொடரின் மொழிபெயர்ப்பு.

அவன் நேத்து கடை-க்கு வந்-த்-ஆன்=ஆம்
அவன் நேற்று கடை-கொடை வா-இற-3.ஆண்.ஒரு=செவிவழி
"அவன் நேற்றுக் கடைக்கு வந்தானாம்."

முதல் வரியில் எத்தனை சிறுகோடோ இரண்டாம் வரியிலும் அத்தனை இருக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இதில்தான்; எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். ஒரே துண்டில் பல பொருள் அடங்கியிருந்தால் புள்ளி போடுங்கள்: "ஆன்" என்பது படர்க்கை, ஆண்பால், ஒருமை மூன்றையும் பிரிக்க முடியாமல் தாங்குகிறது. எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும் "ஆம்" போன்றவற்றுக்குச் சமக்குறி. "4ஆம் வேற்றுமை" என்று எண் போடாமல் "கொடை" என்பது போலப் பெயர் வையுங்கள். பிறமொழிக்காரருக்கு நம் எண்வரிசை எதையும் சொல்லாது.

அட்டவணையில் தெரியவருவது

ஒரு வரிசைக்கு ஒரு வேலை, ஒரு நிரலுக்கு ஒரு மொழி. "தெரியவில்லை", "கேட்கவில்லை", "இல்லை" மூன்றையும் வெவ்வேறு குறியால் காட்டுங்கள். வெறும் கட்டம் விட்டால் ஆறு மாதம் கழித்து அது எதைக் குறித்தது என்று உங்களுக்கே தெரியாது.

ஒருமை பன்மை வரிசையை நிரப்பும்போது சிங்களம் ஒரு பாடம் சொல்லித்தரும். புத்தகம் "பொத", புத்தகங்கள் "பொத்". மரம் "கஹ", மரங்கள் "கஸ்". பஸ் நிறுத்தத்தில் நின்றால் இது இன்னும் தெளிவாகக் கேட்கும்: வந்துகொண்டிருக்கும் ஒரு பஸ் "பஸ் எக"; பல பஸ்கள் வெறும் "பஸ்". பலவற்றைக் காட்டத்தான் ஏதாவது கூட வரும் என்று தமிழ்க் காது எதிர்பார்க்கிறது. அஃறிணையில் சிங்களம் ஒன்றைக் காட்டத்தான் கூட்டுகிறது. வேல்ஸ் மொழியிலும் சில சொற்கள் இப்படித்தான்: பறவைகள் "அடர்", ஒரு பறவை "அடெரின்". "பன்மை விகுதி என்ன?" என்று கேட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. "ஒன்றையும் பலவற்றையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்?" என்று கேட்டதால் பட்டது.

உலகத்தோடு வைத்துப் பார்ப்பது

இரண்டு தரவுத்தளங்கள் இலவசம். உலக மொழி அமைப்பு வரைபடம் 2005இல் நூலாக வந்து, 2008 முதல் இணையத்தில் இருக்கிறது. கிராம்பேங்க் 2023இல் வெளியானது. 2,467 மொழிகள், 195 கேள்விகள். மொழிக் குடும்பங்களைச் சரிபார்க்க குளோட்டோலாக்.

முதலில் பாருங்கள் என்று சொல்லக்கூடியது எழுவாய், செயப்படுபொருள், வினை வரிசை. வரைபடம் இந்தப் பண்புக்குக் கணக்கில் எடுத்த 1,376 மொழிகளில் தமிழ் போல வினை கடைசியில் நிற்க எழுவாய் முதலில் வருபவை 564. ஆங்கிலம் போன்றவை 488. வேல்ஸ் போல வினை முதலில் வந்து எழுவாய் அடுத்து நிற்பவை 95. செயப்படுபொருளில் தொடங்கி எழுவாயில் முடிபவை 11 மட்டும். அதில் ஒன்று பிரேசிலின் ஹிஷ்கர்யானா: "தோதோ யஹோசியே கமரா". தோதோ மனிதன், யஹோசியே பிடித்தது, கமரா சிறுத்தை போன்ற ஜாகுவார் என்ற விலங்கு. ஆனால் பிடித்தது மனிதன் அல்ல, ஜாகுவார்.

அடுத்து இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பாருங்கள். செயப்படுபொருளுக்குப் பின் வினை வரும் மொழிகளில் 472 பின்னுருபு (பெயருக்குப் பின் வரும் உருபு) கொண்டவை, 14 மட்டும் முன்னுருபு (பெயருக்கு முன் வரும் உருபு) கொண்டவை. பாரசீகம் அந்த 14இல் ஒன்று. இந்தத் தொடர்பை 1963இல் வெளியான கட்டுரையில் 30 மொழிகளை வைத்தே கிரீன்பெர்க் சொல்லியிருந்தார். எல்லாம் இப்படி இணைந்து போகும் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் பெயரடை முன்னால் வருவதால் அதுவும் வினையின் இடத்தோடு சேர்ந்தது என்று தோன்றும். அப்படி இல்லை என்று மொழியியலாளர் மத்தியூ டிரையர் 1992இல் காட்டினார். பாஸ்க் மொழியில் வினை கடைசியில்தான். ஆனாலும் "வெள்ளை வீடு" என்பது "எச்சே சூரி", வீடு முன்னால், வெள்ளை பின்னால்.

எண்ணும்போது ஒரு பெரிய எச்சரிக்கை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நான்கிலும் வினை கடைசியில் வருகிறது என்பது நான்கு சான்று ஆகாது; ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே சான்று. சரி, வேறு குடும்பத்துச் சிங்களத்தைச் சேர்த்தால்? அதுவும் பாதிதான். "நேற்று வந்த பையன்" என்பதும் "ஈயே ஆபு லமயா" என்பதும் சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்தில் வாழ்ந்த மொழிகள் ஒன்றையொன்று மாற்றும். தெற்காசியா முழுவதும் இப்படிப்பட்ட ஒரு வட்டாரம் என்று மொழியியலாளர் எமெனோ 1956இலேயே எழுதினார்.

இதற்கு இலங்கை மலாயை விடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். மலேசியாவில் "வீட்டுக்கு" என்பது "கெ ரூமா", "வீட்டில்" என்பது "டி ரூமா". உருபு முன்னால், வினை நடுவில். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பேசும் மலாயில் அவை "ரூமா-நங்", "ரூமா-க". உருபு பின்னால் போய்விட்டது, வினையும் கடைசிக்குப் போய்விட்டது. சொற்கள் மலாய், கட்டமைப்பு நம்முடையது போல. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோலிலும் (போர்த்துக்கேயச் சொற்களோடு உருவான கலப்பு மொழி) வினை கடைசிக்கே வந்திருக்கிறது. ஆகவே கொழும்பில் சேர்த்த மொழிகளை வைத்து "உலக மொழிகள் இப்படி" என்று சொல்லவே முடியாது. ஒன்று மற்றொன்றை எப்படி மாற்றியது என்று சொல்ல முடியும். உலகளாவிய முடிவு வேண்டுமானால் குடும்பத்துக்கு ஒரு மொழி, கண்டத்துக்குக் கண்டம் பரவலாக எடுக்க வேண்டும். வரைபடமே 100 மொழி மாதிரி ஒன்றைத் தந்திருக்கிறது. தொடக்கத்துக்கு அது போதும்.

இலக்கண விவரண நூலை வாசிக்கும் வரிசை

தரவுத்தளத்தின் ஒரு கட்டத்துக்குப் பின்னால் ஒரு முழு நூல் இருக்கிறது. முக்கியமான ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த மூல நூலைத் தேடிப் பாருங்கள். பல நூல்கள் இணையத்தில் திறந்த அணுக்கத்தில் கிடைக்கின்றன. களனிப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்று தனித் துறையே உண்டு. தமிழ் இலக்கண நூல்களுக்கு வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம்.

முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். முதலில் குறுக்கக் குறிகளின் பட்டியல்; அதைப் படியெடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அடுத்து ஒலிகளின் அட்டவணை. பிறகு நேரே கடைசிக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் கதைகளில் ஒன்றை வரிக்கு வரி வாசியுங்கள். ஆசிரியர் கேட்டு வாங்கிய தனித் தொடர்களைவிட, ஒருவர் தானாகச் சொன்ன கதையில் மொழி தன் இயல்பில் இருக்கும். அதன்பின்தான் உங்களுக்கு வேண்டிய இயல். இயலில் சொன்ன விதிக்குப் பொருந்தாத வரி கதையில் கிடைத்தால் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கான தொடக்கம் பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் கிடைக்கும்.